முகத்துவாரத்தில் கட்டிய கணவாய் முட்டைகள்: குமரிக் கடற்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குழித்துறைத் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணம் அருகே கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு மேற்கே இருக்கும் ஒரு மீனவர் ஊரில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நடந்தது இது. ஊர், ஆட்கள் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்த காரியம், அவர்கள் சம்மதத்தோடுதான் பதிவாகிறது.

சிங்கி இறால் வலையிலும், மீன் கூடுகளிலும், நங்கூரக் கயிற்றிலும் கணவாய் முட்டை ஒட்டிக்கொண்டு வருவது இந்தப் பக்கம் சாதாரணம். உடலுக்குள் சுண்ணாம்பு ஓடு உள்ள ஓட்டுக்கணவாயின் முட்டை ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஆனால் திராட்சைக் குலை மாதிரி கொத்தாக ஒட்டியிருக்கும். உள்ளே ஒரே ஒரு கரு. வெளிறிய உறை என்பதால் வெளிச்சத்தில் பிடித்தால் கண் வரை தெரியும். ஓடில்லாத ஊசிக்கணவாய் வகைகள் நீண்ட வெள்ளை உறைக்குள் பல முட்டைகளைச் சேர்த்து வைக்கும். வலையை உதறிச் சுத்தம் செய்யும்போது இரண்டும் மணலில் விழும். காக்காய் தின்றது போக மீதி காய்ந்துவிடும்.

இதை நிறுத்தலாம் என்று அந்த ஊரில் சில வள்ளக்காரர்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். வலையில் வரும் முட்டையைச் சேகரித்து, ஒரு கூண்டில் கட்டிக் கடலில் தொங்கவிடுவது, பொரிந்ததும் குஞ்சுகளை விட்டுவிடுவது என்பது திட்டம். அவர்களில் ஒருவருடைய மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். குறிப்பு எடுக்கும் வேலை அவளிடம் வந்தது. நான் இறால் பொரிப்பகங்களில் தண்ணீர் பரிசோதனை செய்து பழகியவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அருகில் கேரள எல்லை தாண்டி விழிஞ்ஞத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் ஓட்டுக்கணவாய் முட்டைகளைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆகவே செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

முட்டைகள் வைக்கப்பட்ட இடம்

அலைத்தடுப்புக் கற்களின் உள்பக்கம், ஏறக்குறைய இரண்டு பாகம் ஆழமுள்ள இடம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி). கூண்டை மேல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் கீழே தொங்கவிட்டார்கள். அதற்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை: தினமும் தூக்கிப் பார்க்கலாம், அடியில் மணல் மூடாது, நண்டு கிட்டே வராது, வெளிக்கடலில் கட்டினால் யார் வலையிலாவது சிக்கும்.

மீன் பிடிக்கும் ஒரு பழைய இரும்புக் கூட்டில் முட்டை மிக நெருக்கமாகப் பிடித்திருந்தது. பிய்த்தால் உறை கிழியும் என்பதால் கூட்டை அப்படியே அதே இடத்தில் அடியில் இறக்கி வைத்தார்கள். கொஞ்சம் முட்டைகள் கரையில் ஒரு பைபர் தொட்டிக்குப் போயின. அதற்குத் தண்ணீர், கூண்டு தொங்கிய அதே இடத்திலிருந்து மோட்டார் வைத்து இறைத்தது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவியது இந்த மூன்று ஏற்பாடுகள்தான். யாரும் சோதனைக்காகத் திட்டமிட்டுச் செய்ததல்ல.

உப்பின் அளவைப் பார்க்கக் கடையில் வாங்கிய ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தது. வெளிக்கடல் தண்ணீரில் அது ஆயிரத்துக்கு 33-க்கும் 34-க்கும் நடுவே காட்டியது. கடல் என்றால் 35 இருக்கவேண்டுமே, கருவி கெட்டுவிட்டது என்று மாணவி நினைத்தாள். இரண்டு விஷயங்கள் அதில் கலந்திருந்தன. அது சமையல் உப்புக் கரைசலுக்கான அளவுகோல் கொண்ட கருவி. அத்தகைய கருவி கடல்நீரை ஏறக்குறைய ஒன்றரை கூட்டித்தான் காட்டும். அப்படியானால் உண்மையான அளவு 32 சொச்சம். இது நவம்பர், டிசம்பரில் இங்கே எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்த மாதங்களில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றி வந்து குமரிமுனை தாண்டி மேற்குக் கரையோரமாக வடக்கே போகிறது. வெளிக்கடலிலேயே உப்பு சற்றுக் குறைந்திருக்கும் நேரத்தில்தான் ஆறும் பெருகுகிறது. இனிக் கீழே வரும் எண்கள் எல்லாம் திருத்திய அளவுகள்.

கணவாய்க்கு ஏன் இது பெரிய விஷயம்

மடவையும் பால்மீனும் பொழிக்குள், அதாவது ஆற்றுக் கழிமுகத்துக்குள், ஏறி வரும். கணவாய் வராது. இது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எலும்புள்ள மீன்களின் இரத்தத்தில் உப்பு கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்த வித்தியாசத்தைச் செவுளும் சிறுநீரகமும் ஓயாமல் வேலை செய்து காப்பாற்றுகின்றன. கணவாயின் இரத்தமோ ஏறக்குறைய கடல்நீரின் அதே செறிவில் இருக்கிறது. வெளியே உப்பு இறங்கினால் உள்ளேயும் இறங்கும், தடுத்து நிறுத்த வழி இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரக் கழிமுகங்களில் வாழும் லாலிகுன்குலா பிரெவிஸ் என்ற சிறு கணவாய் 17, 18 வரை தாங்கும். அது விதிவிலக்கு.

பெரிய கணவாய் நீந்தி ஆழத்துக்குப் போய்விடும். முட்டைக்கு அந்த வசதி கிடையாது. தாய் எங்கே ஒட்டியதோ அங்கேதான் வளர்ந்தாகவேண்டும். ஓட்டுக்கணவாய் முட்டை வளர வளர உறைக்குள் தண்ணீர் ஏறி முட்டை பெரிதாகும், உறை மெலியும். கடைசி நாட்களில் கண்ணாடிபோல ஆகி உடைந்து குஞ்சு வெளிவரும். இந்த ஏற்பாடு கடலின் உப்புச் செறிவுக்குக் கணக்குப் போட்டு அமைந்தது. வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் வேகமாக உள்ளே ஏறும், முட்டை நேரத்துக்கு முன்பே வீங்கும். ஐரோப்பியக் கடல்களின் செபியா அஃபிசினாலிஸ் என்ற ஓட்டுக்கணவாயில் நடந்த ஆய்வுகளில், உப்பு 25-க்குக் கீழே போகப் போகப் பொரிப்பு வெகுவாகக் குறைந்தது, இன்னும் இறங்கியபோது உருக்குலைந்த கருக்களே மிஞ்சின. நம் கடலின் செபியா ஃபரோனிஸ் வேறு இனம். அதனால் அந்த எண்ணை எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு எச்சரிக்கையாகத்தான் வைத்துக்கொண்டோம்.

மழைக்குப் பிறகு பார்த்தவை

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை விடாமல் பெய்தது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி இரண்டு அணைகளிலிருந்தும் உபரிநீர் திறக்கப்பட்டது. மறுநாள் காலை முகத்துவாரம் செந்நிறமாக இருந்தது. இந்தக் காலத்தில் கரையோர நீவாடு (நீரோட்டம்) மேற்கேதான் இழுக்கும். ஆகவே ஆற்றுத் தண்ணீர் முழுக்க இந்த ஊர்ப் பக்கம் சாய்ந்தது. தென்மேற்குப் பருவக்காலமாக இருந்தால் ஓட்டம் எதிர்த்திசையில் இருந்திருக்கும், கிழக்கே உள்ள ஊர்கள் அதைப் பெற்றிருக்கும்.

கூண்டு தொங்கிய இடத்தில் மேல்மட்டத்தில் உப்பு 12. ஒரு மீட்டர் கீழே 18. இதைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று என்று பேச ஆரம்பித்தார்கள். அப்போது குழுவில் மூத்தவர் மாணவியிடம் சொன்னார்: “மக்களே, மேல கெடக்கது ஆத்து வெள்ளம். அடியில கெடக்கதுதான் கடலு. அடித் தண்ணிய எடுத்துப் பாரு.”

அடித்தண்ணீர் எடுக்க எங்களிடம் கருவி இல்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஈயக்கட்டி கட்டி, தக்கையில் தனியாக ஒரு நூல் முடிந்து, அடியைத் தொட்டதும் நூலை இழுத்துத் தக்கையைப் பிடுங்கினோம். அப்படி எடுத்த தண்ணீரில் உப்பு 30. நான்கு மீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம். நன்னீர் எடை குறைந்தது, கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து போகும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் கூண்டு சரியாக அந்தப் படலத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

கூண்டில் இருந்த இளம் முட்டைகள், அதாவது கண் இன்னும் தெரியாதவை, இரண்டாம் நாளே பால்போல வெளுத்துக் கலங்கின. சில உறைகள் விறைப்பாக வீங்கி, தொட்டதும் கிழிந்தன. கண் கறுத்து, உடலில் புள்ளி விழுந்த முதிர்ந்த கருக்கள் கொஞ்சம் தாங்கின. அவற்றில் பல முன்கூட்டியே பொரிந்தன. குஞ்சின் வாயருகே மஞ்சட்கருப் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி வந்த குஞ்சுகள் அன்றைக்கே செத்தன.

அடியில் இருந்த இரும்புக் கூட்டில் முட்டைகளின் மேல் வண்டல் படிந்திருந்தது. ஆனால் உறை தெளிவாக, கரு அசைவோடு இருந்தது. கரைத் தொட்டியில் நிலைமை இரண்டுக்கும் நடுவே: தண்ணீர் மாற்றும் நேரத்தைப் பொறுத்து 22, 24 என்று இறங்கியிருந்தது, பாதிக்கு மேல் வெளுத்திருந்தன.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. ஆற்று நீரோடு சேறு வரும், குளிர்ச்சி வரும், உயிர்வாயு குறையும். கூண்டு முட்டைகள் செத்ததற்கு உப்பு மட்டும்தான் காரணம் என்று அந்தக் கூண்டை வைத்துச் சொல்ல முடியாது. அடிக்கூட்டில் சேறு அதிகமாக இருந்தும் முட்டைகள் பிழைத்தன என்பது உப்பின் பக்கம் கை காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் கீழே சொல்லும் வாளிச் சோதனை தேவைப்பட்டது.

உப்பளத்து உப்பைப் போடலாமா?

தொட்டியைக் காப்பாற்ற முதலில் வந்த யோசனை, புத்தளம் உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை உப்பு வாங்கிக் கரைப்பது. விலை மலிவு, மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும், மீட்டரும் உடனே 33 காட்டும். குழுவில் பெரும்பாலானவர்கள் இதற்குத் தயாராக இருந்தார்கள். நான் எதிர்த்தேன். நேரம் எடுத்துப் பேசியதும் இதைப் பற்றித்தான்.

உப்பளத்தில் கடல்நீர் ஒவ்வொரு பாத்தியாக நகரும்போது ஒவ்வொரு பொருளாக இறங்கிவிடுகிறது. உப்பு பூக்கும் 25 டிகிரிக்கு (இது உப்புநீரின் செறிவை அளக்கும் போமே டிகிரி, வெப்பம் அல்ல) வெகு முன்பே சுண்ணாம்புச் சத்து கார்பனேட்டாகவும் ஜிப்சமாகவும் அடியில் படிந்துவிடும். உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு மெக்னீசியம் போய்விடும். நடுவில் கிடைப்பது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. அதைக் கலங்கிய ஆற்று நீரில் போட்டால் மீட்டருக்குத் திருப்தி. கருவி மொத்த உப்பைத்தான் பார்க்கிறது, எந்த உப்பு என்று பார்ப்பதில்லை.

கணவாய்க்கு அந்த வித்தியாசம் முக்கியம். ஓடு சுண்ணாம்பால் ஆனது. தலைக்குள் சமநிலை காக்கும் சிறு கற்களும் சுண்ணாம்புதான், அவை சரியாக உருவாக ஸ்ட்ரான்ஷியமும் வேண்டும். கடல்நீரில் அது லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. ஆனால் அது இல்லாத செயற்கைக் கடல்நீரில் வளர்ந்த கருக்கள் அந்தக் கற்கள் இல்லாமலோ குறையோடோ பொரிந்து, நேராக நீந்த முடியாமல் சுழன்று சுழன்று கிடந்ததை 1989-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இறால் பண்ணைக்காரர்கள் அவசரத்துக்கு உப்பு போட்டு ஒப்பேற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். இறால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கணவாய்க் கருவில் அந்தத் தந்திரம் வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியில் செலவுக் கணக்குதான் வாதத்தை முடித்தது. மீன்பிடித்துத் திரும்பும் வள்ளம் காலி கேன்களில் வெளிக்கடல் தண்ணீரைக் கொண்டுவந்தால் டீசல் செலவு தனியாக இல்லை. சரி, அப்படியே செய்வோம் என்றார்கள்.

எடுத்த முடிவுகள்

உயிரோடு இருந்த கூண்டு முட்டைகளை அடிக்கூட்டோடு சேர்த்து அடியில் இறக்கினோம். மேலேயிருந்து 18-இல் கிடந்ததை நேராக 30-க்குள் விடுவதும் ஒரு அதிர்ச்சிதான். ஆனால் தவணை முறையில் ஏற்ற அந்த இடத்தில் வசதியில்லை, அங்கேயே விட்டால் சாவு நிச்சயம். முதிர்ந்த முட்டைகளை மட்டும் தொட்டிக்குக் கொண்டுபோய், வெளிக்கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு பகல் முழுக்க எடுத்து 32-க்கு ஏற்றினோம்.

மோட்டார் குழாயை அன்றே நிறுத்தினோம். மேல்நீரை இறைக்கும் குழாய் மழைக்காலத்தில் ஆற்றைத்தான் தொட்டிக்குள் கொண்டுவரும்.

அடியில் வைத்தது முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியவில்லை. சில நாள் கழித்துக் காற்று பலமாக அடித்து அலை புரட்டியபோது இரண்டு நீரும் கலந்து அடியிலும் உப்பு 26 வரை இறங்கியது. இரண்டு பாகம் ஆழம் என்பது அலைக்கு ஒன்றுமே இல்லை. அன்று மாலையே கூட்டைத் தூக்கி, கடல்நீர் நிரப்பிய மீன் பெட்டியில் வைத்து, எட்டு பாக ஆழத்துக்கு அப்பால் ஒரு கல்மடையின் (கடலடிப் பாறைத்திட்டின்) ஓரம் இறக்கி அடையாளத்துக்கு மிதவை கட்டினார்கள். அங்கே அடியில் 33 இருந்தது.

வாளிச் சோதனை

சேற்றையும் உப்பையும் பிரித்துப் பார்க்க மாணவி ஒரு சிறு சோதனை செய்தாள். புதிதாக வலையில் வந்த ஒரே கொத்திலிருந்து முட்டைகளைப் பிரித்து, துணியில் வடிகட்டிய வெளிக்கடல் தண்ணீரில் கிணற்று நீரைக் கலந்து 32, 30, 25, 20 என்று நான்கு வாளிகள் வைத்தாள். நான்கிலும் ஒரே மாதிரிக் காற்றுக்குழாய், ஒரே நிழல். சேறு எதிலும் இல்லை.

32-லும் 30-லும் பெரும்பாலானவை நல்லபடியாகப் பொரிந்தன. 25-இல் குறைவாகவே பொரிந்தன, அவற்றிலும் மஞ்சட்கருப் பையோடு வந்தவை கணிசம். 20-இல் ஒன்றும் பொரியவில்லை. ஒரே கொத்து, சில டஜன் முட்டைகள் என்பதால் இதை ஆராய்ச்சி முடிவு என்று யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் சேறில்லாத இடத்திலும் அதே வீக்கம், அதே முன்பிரசவம் வந்தது. எங்கள் கேள்விக்கு அது போதும்.

குஞ்சுகள்

ஓட்டுக்கணவாய்க் குஞ்சு பொரிந்ததும் பெரியதின் சின்ன உருவம்தான், நிறம் மாற்றும், மை கக்கும், அடியில் அமரும். உயிருள்ள, அசையும் இரையைத்தான் பிடிக்கும். தொட்டியில் பொரிந்தவற்றுக்குக் கூனி (பொடி இறால்) தேவைப்பட்டது. ஒருவர் பொழியிலிருந்து வாளி வாளியாகக் கூனி அரித்து வந்து, தண்ணீரோடு தொட்டியில் கொட்டினார். கூனிக்கு உப்புக் குறைந்த நீர் பழக்கம், துள்ளிக்கொண்டு இருந்தது. தொட்டியின் உப்பு மட்டும் மாலைக்குள் 28-க்கு வந்துவிட்டது.

அதன் அடையாளம் குஞ்சுகளிடம் உடனே தெரிந்தது. செத்துப்போகவில்லை. ஆனால் அடியில் தட்டையாகக் கிடந்தன, கூனி முன்னால் போனாலும் எழும்பித் தாவவில்லை. ஓட்டுக்கணவாய் தன் ஓட்டின் அறைகளிலிருந்து நீரை வெளியேற்றித்தான் மிதவையைச் சரிசெய்கிறது. ஓட்டு நீரைவிட இரத்தம் உப்பாக இருந்தால்தான் அந்த நீர் வெளியே இழுபடும். இரத்தமே நீர்த்துப்போனால் அந்த இழுப்பு குறையும். வெளியே உள்ள தண்ணீரும் எடை குறைந்து தாங்குவதைக் குறைக்கும். குஞ்சுகளின் சோர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்புறம் கூனியை வலைத்துணியில் வடித்து, வெளிக்கடல் நீரில் ஒருமுறை அலசித்தான் போட்டார்கள். உப்பு ஏறியதும் இரண்டாம் நாளிலிருந்து இரை எடுத்தன.

விளைவு

முதலில் கூண்டில் கட்டிய முட்டைகளில் மிகச் சிலவே பிழைத்தன. தொட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொரிந்தது. கல்மடைக்குக் கொண்டுபோன அடிக்கூட்டை முழுசாக எண்ண முடியவில்லை. பின்னால் தூக்கிப் பார்த்தபோது பெரும்பாலான உறைகள் காலியாக, பிளந்த நிலையில் இருந்தன. வெளுத்துப்போனவை ஓரத்தில் கொஞ்சம். பொரிந்தவை எத்தனை, மீன் தின்றது எத்தனை என்று பிரிக்க வழி இல்லை.

தொட்டிக் குஞ்சுகளையும் அதே கல்மடைக்குக் கொண்டுபோய், பைகளுக்குள் கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பிறகு விட்டார்கள்.

அடுத்த பருவத்துக்கு மாற்றியது

கூண்டு ஏற்பாட்டை மழைக்காலத்துக்கு முழுசாகக் கைவிட்டார்கள். இது சரியான முடிவு. முட்டையை நம் கண்பார்வைக்கு வசதியான இடத்துக்கு இழுத்து வருவதைவிட, கிடைத்த ஆழத்துக்கே திருப்பி அனுப்புவதில் வேலையும் குறைவு, நஷ்டமும் குறைவு. வள்ளத்தில் ஒரு மூடியுள்ள பெட்டியில் வெளிக்கடல் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். வலையில் வந்த கொத்தை அங்கேயே அதில் போட்டு, அடுத்த நாள் போகும்போது கல்மடை ஓரத்தில் கல் கட்டி இறக்குகிறார்கள்.

தென்னங்கொதும்பும் ஓலையும் மணல் மூட்டையோடு கட்டி இறக்கி, முட்டையிட வரும் ஓட்டுக்கணவாயைப் பிடிப்பது இந்தக் கரையோரத்தவர்களுக்குப் பழகிய தொழில். அதே கட்டுகளில் இரண்டைப் பிடிப்பதற்கு அல்லாமல் முட்டைக்காக மட்டும் விட்டுவைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அதற்கு ஊரில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. மிதவை கட்டினால் வேறு வள்ளம் வந்து பிடிக்கும், கட்டாவிட்டால் நமக்கே இடம் தெரியாது என்பது எதிர்வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

தொட்டி வைப்பதென்றால் ஜூன் முதல் டிசம்பர் வரை கரைக்குழாய் நீரை அதில் விடுவதில்லை. பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி முழுக்கொள்ளளவு. மழைக்காலத்தில் தினமும் நாளிதழில் நீர்மட்டம் வருகிறது. அது ஏறத் தொடங்கியதும், தண்ணீர் திறப்பு அறிவிப்புக்குக் காத்திருக்காமல், கேன்களில் வெளிக்கடல் நீரை முன்கூட்டியே நிரப்பி வைக்கிறார்கள். உப்பை மேல்நீர், அடிநீர் இரண்டிலும் பார்த்துக் குறிக்கிறார்கள். மேல்நீரின் எண்ணை மட்டும் எழுதிய பக்கத்தை மாணவி திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். தக்கைப் பாட்டிலுக்குப் பதிலாக நல்ல கருவி வாங்கப் பணம் சேர்க்கும் பேச்சு நடக்கிறது. இப்போதைக்குத் தக்கைதான் ஓடுகிறது.